சிவப்புத் தெருவில் பதினொரு வண்டிகள்

திங்கட்கிழமை காலை எட்டேகால் மணிக்கு, தோணிக்காரர் தெருவில் தன் வீட்டு வாசலிலேயே ஜெசிந்தாவின் குழந்தை வண்டி நின்றுவிட்டது.

தள்ளிப் பார்த்தாள். இழுத்துப் பார்த்தாள். பின் சக்கரங்கள் இரண்டும் இறுகிக் கிடந்தன. குனிந்து பிரேக் மிதியைப் பார்த்தாள். அது விடுபட்டுத்தான் இருந்தது. அச்சில் நூலோ முடியோ சிக்கவில்லை. ஆறு வருடங்களாகக் குழந்தை வண்டி பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை செய்பவள் அவள். ஒரு வண்டி ஏன் நிற்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். அவளுக்குத் தெரிந்த காரணம் எதுவும் இதற்குப் பொருந்தவில்லை. உள்ளே பத்து மாத அடெலின் தோளிலும் இடுப்பிலும் பட்டை மாட்டியபடி, ஏன் இன்னும் கிளம்பவில்லை என்று காலை உதைத்தாள்.

அப்போது வண்டி பேசியது.

"மன்னிக்கவும். இந்தத் தெரு குழந்தையின் பாதுகாப்புக்கு உகந்ததல்ல. தயவுசெய்து வீட்டுக்குத் திரும்புங்கள்."

"வாசல்லயே நின்னுக்கினு இருக்கேன். இதுக்கு மேல எங்க திரும்பறது?" என்றாள் ஜெசிந்தா.

கைப்பிடியில் இருந்த சிறு திரையில் ஊர் வரைபடம் தெரிந்தது. சுற்றியுள்ள தெருக்கள் பச்சை. தோணிக்காரர் தெரு மட்டும் சிவப்பு.

எதிர்வீட்டுப் படியில் சபுரா தன் வண்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய ஐந்து மாத யூசுஃப் வீறிட்டான். "ஜெசி அக்கா, உங்களுதுமா?" என்று கத்தினாள். தெருவில் குழந்தை வண்டிகள் மொத்தம் பதினொன்று. அன்று காலை பதினொன்றும் நகரவில்லை.

குழந்தை வண்டிக்கு மூளை வைத்தே ஆக வேண்டும் என்று சட்டம் வந்து ஏழு வருடங்கள் ஆகியிருந்தன. ஓட்டுநர் இல்லாத வாகனங்கள் சாலைகளை நிரப்பிய காலத்தில் வந்த சட்டம் அது. ஒவ்வொரு வண்டியின் இருக்கைக்கு அடியிலும் ஒரு சிறு பெட்டி. அதற்கு அரசு வைத்த பெயர் அண்மை அறிவிப்பான்; ஜனங்கள் வைத்த பெயர் கூவி. குழந்தையை உட்காரவைத்துப் பட்டையை மாட்டியதும் கூவி வேலை செய்யத் தொடங்கும். அது கூவுவது மனிதக் காதுக்குக் கேட்காது. அறுபது மீட்டருக்குள் வரும் ஆளில்லா வாகனம் எதுவானாலும் அதைக் கேட்டு நடைவேகத்துக்கு இறங்கும். வண்டி சாலையிலேயே இருந்தால் நின்றுவிடும். இந்த ஏழு வருடங்களில் வண்டியில் இருந்த ஒரு குழந்தையைக்கூட ஆளில்லா வாகனம் தொட்டதில்லை. ஜெசிந்தாவுக்கு அதில் பெருமை உண்டு. அவள் கையால் பழுது நீங்கிப் போன வண்டிகள் அந்த வட்டாரத்தில் ஆயிரத்துக்குமேல் ஓடின.

அடெலினை இடுப்பில் தூக்கிக்கொண்டு குழந்தைகள் காப்பகத்துக்கு நடந்தாள். தெருவில் நடைபாதை கிடையாது. சாக்கடை மேல் போட்ட பலகைக்கற்கள்தான், அவற்றிலும் பாதி உடைந்தவை. கடல் அரித்துக் கடற்கரைச் சாலை போனபிறகு, துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் இந்த வழியாகத்தான் வந்துகொண்டிருந்தன. ஓட்டுபவர் இருக்கை இல்லாத, முகம் மழுங்கிய லாரிகள். நேற்றுவரை வண்டிகளைக் கண்டு பூனைபோல ஊர்ந்தவை. இன்று அவளை உரசாத குறையாக ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் கடந்து போயின. புடவை பறந்து முகத்தில் அடித்தது. லாரி அவளை இடிக்காது, அது நிச்சயம். ஆனால் அவளுக்காக வேகத்தைக் குறைக்கவும் செய்யாது. கையில் இருக்கும் குழந்தை லாரிக்குத் தெரியாது. கூவி இருந்தது வண்டியில்.

பட்டறை மேலாளர் தட்சிணாமூர்த்தி, ஓய்வுக்கு இரண்டு வருடம் பாக்கி இருந்தவர், அவள் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சிவப்பு போட்டுட்டா நம்ம கையில ஒண்ணும் இல்லம்மா. வாரியம் முடிவு பண்றது. பூட்டை அவிழ்த்தா உனக்கும் எனக்கும் உரிமம் போயிடும்."

"ஏன் சார் சிவப்பு? நேத்து வரைக்கும் பச்சைதான?"

"கனரக வாகனம் அதிகம்னு போட்டிருக்கான்."

"கனரக வாகனம் நாலு வருஷமா வருது சார்."

அவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். ஜெசிந்தா அன்றே குழந்தை ஊர்திப் பாதுகாப்பு வாரியத்துக்கு ஒரு மனு அனுப்பினாள். மறுநாளே, உங்கள் குழந்தையின் நலனே எங்கள் நோக்கம் என்று பதில் வந்தது. அதற்குமேல் அதில் ஒன்றும் இல்லை.

ஒன்பதாம் நாள் சபுரா யூசுஃபுக்குத் தடுப்பூசி போடக் கிளம்பினாள். வண்டியை ஒருமுறை தள்ளிப் பார்த்தாள். அது மன்னிப்புக் கேட்டது. பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடந்தாள். மாவு மில் திருப்பத்தில் இரண்டு லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. முதலாவது கடந்தபோது ஒதுங்கிக்கொண்டாள். இரண்டாவதன் காற்று மோதியதும் இன்னும் ஓரடி பின்னால் வைத்தாள். அங்கே பலகைக்கல் இல்லை.

கால் முழங்கால்வரை இறங்கியது. விழும்போதும் பிள்ளையை விடவில்லை. ஆனால் பிள்ளையின் தலை கல் விளிம்பில் பட்டது.

மண்டையோட்டில் மயிரிழை அளவு விரிசல் என்றார் மருத்துவர். உள்ளே ரத்தக் கசிவு இல்லை, பிழைத்துக்கொள்வான். மூன்று நாள் மருத்துவமனையில் வைத்திருந்தார்கள். சபுராவின் கணுக்கால் எலும்பு முறிந்து கட்டுப் போட்டிருந்தது. மூன்று நாளும் அவள் படுக்கவே இல்லை. பிள்ளையின் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்து, அவன் மூச்சு விடும்போதெல்லாம் தானும் விட்டாள்.

வீடு திரும்பிய அன்று வாரியத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. அதை ஜெசிந்தாவிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னாள். தனக்கு எழுத்துகள் நிலைகொள்ளவில்லை என்றாள்.

அங்கீகரிக்கப்பட்ட ஊர்தி வீட்டில் இருந்தும், அதைப் பயன்படுத்தாமல் குழந்தையைக் கையில் தூக்கிச் சென்றது கவனக்குறைவு ஆகும். வரும் வியாழன் விசாரணைக்கு வர வேண்டும். கவனக்குறைவு உறுதியானால் குழந்தை மூன்று மாதம் கண்காணிப்பில் வைக்கப்படும்.

"கண்காணிப்புன்னா இன்னாக்கா?"

"வாரத்துக்கு ஒருக்கா வந்து பாப்பாங்க. ரெண்டாவது வாட்டி எதுனா ஆச்சுன்னா..." ஜெசிந்தா கடிதத்தை மடித்தாள். "எடுத்துக்கினு போவாங்க."

சபுரா பிள்ளையின் தலைக்கட்டைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "வண்டி வரமாட்டேன்னுதே," என்றாள். "நான் வான்னுதான் கூப்ட்டேன்."

மறுநாள் பட்டறையில் ஜெசிந்தா தன் வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு, தெருக்களின் மாற்றக் குறிப்புகளைத் திறந்தாள். ஒரு தெரு சிவப்பானால் எல்லாப் பட்டறைக்கும் ஒரு வரி வரும்: தெருவின் பெயர், தேதி, காரணத்துக்கு ஓர் எண். நான்கு என்றால் பள்ளம். ஆறு என்றால் மழைநீர். ஒன்பது என்றால் நாய்கள். இவை அவளுக்கு மனப்பாடம். தோணிக்காரர் தெருவுக்கு எதிரே பதினேழு என்று இருந்தது. பதினேழை அவள் பார்த்ததே இல்லை.

தட்சிணாமூர்த்தியின் மேசைக்குப் போய் நின்றாள்.

"பதினேழு என்னா சார்?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். கதவை ஒருமுறை பார்த்தார். "உனக்கெதுக்கு அது?"

"எதிர்வீட்டுப் புள்ளைக்கு மண்ட ஒடஞ்சிருக்கு சார்."

"உக்காரு." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஒண்ணுலருந்து பதினாறு வரைக்கும் எல்லாம் குழந்தைக்கு ஆபத்து. தெருவால வண்டிக்கு ஆபத்து. பதினேழு தலைகீழ்."

"புரியல."

"வண்டியால தெருவுக்குத் தொந்தரவு. கூவி கத்துது, லாரி நிக்குது. ஒரு லாரி நின்னா பின்னால முப்பது நிக்கும். கப்பல் காத்துக்கிட்டிருக்கும். உங்க தெருவுல போன மாசம் மட்டும் நாலாயிரம் தடவை லாரி நின்னிருக்கு. கூவியை எடுக்க முடியாது, சட்டம் இருக்கு. லாரியை வேகமா ஓட்டவும் முடியாது, கூவி இருக்கு. அப்ப என்ன பண்றது?"

"வண்டிய வெளியே வராம பண்ணிட்டாங்க."

"குழந்தை பாதுகாப்புன்னு சொன்னா யார் கேள்வி கேப்பா?"

ஜெசிந்தாவுக்கு, ஆறு வருடமாக வாடிக்கையாளர்களுக்குச் சொல்லிச் சொல்லி வாய் தேய்ந்த பாடங்கள் ஞாபகம் வந்தன. கைப்பிடியில் பையை மாட்டாதீங்க, வண்டி மல்லாந்துடும். நின்னா பிரேக் போடுங்க, சமதரையா இருந்தாலும். ரோட்டைத் தாண்டும்போது வண்டிய முன்னால நீட்டாதீங்க, மொதல்ல நீங்க எட்டிப் பாருங்க. ஒவ்வொன்றையும் ஒரு பிள்ளைக்காவது உதவும் என்று நம்பித்தான் சொன்னாள்.

"இந்தப் பதினேழ வியாழக்கெழம நான் சொல்லப்போறேன் சார்."

"வேலை போயிடும்."

"தெரியும்."

"நான் சொன்னதா சொல்லாத," என்றார் அவர். பிறகு, அவள் கதவருகே போனபோது, "கேட்டா சொல்லிக்கோ," என்றார்.

விசாரணை அறை குளிர்பதனம் செய்யப்பட்டிருந்தது. வாரியத்தின் வரைபட அலுவலர் நிகிலன் எழுந்து நின்று வரவேற்றார். முப்பது வயதிருக்கும். யூசுஃபின் தலைக்கட்டைப் பார்த்தபோது அவர் முகம் சுருங்கியது. அது நடிப்பு இல்லை என்று ஜெசிந்தாவுக்குத் தோன்றியது. சபுரா ஊன்றுகோலைச் சாய்த்துவைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"இதை நாம பெருசாக்க வேண்டாம் மேடம்," என்றார் அவர். "வண்டியைப் பயன்படுத்தாதது என் தவறுதான்னு ஒரு கையெழுத்து. கண்காணிப்பு இல்லாம முடிச்சுடறேன். இன்னொண்ணு, உங்க ரெண்டு பேர் வண்டிக்கும் தனி விலக்கு தர்றேன். சிவப்புத் தெருவுலயும் ஓடும்."

"மத்த ஒம்போது வண்டி?" என்று கேட்டாள் ஜெசிந்தா.

"நீங்க தொழில்நுட்பம் தெரிஞ்சவங்க. அவங்களுக்குத் தர முடியாது."

"எங்க தெருவுக்கு என்னா எண் போட்டீங்க சார்?"

நிகிலன் பேனாவை மூடினார். "அது உள் விஷயம்."

"பதினேழு. லாரி நிக்குதுன்னு. புள்ளைங்களுக்காக இல்ல."

"ரெண்டும்தான் மேடம். குழந்தையும் நல்லா இருக்கணும், துறைமுகமும் ஓடணும். ஊருக்கு வர்ற மருந்து, பால்மாவு, எல்லாம் அந்த லாரியிலதான் வருது. ரெண்டும் ஒரே தெருவுல இருந்தா ஒண்ணை ஒண்ணு தடுக்குது. பிரிச்சு வெச்சோம். யாருக்கும் கெடுதல் நினைக்கல."

"பிரிச்சுத்தான் வெச்சீங்க. லாரி ரோட்டுல. புள்ள சாக்கடையில."

கையெழுத்துப் போட வேண்டிய தாளை நிகிலன் சபுராவின் பக்கம் நகர்த்தினார். சபுரா அதை எடுத்துப் படித்தாள், ஒவ்வொரு வார்த்தையாக. பிறகு அவர் பக்கமே திருப்பி நகர்த்தினாள்.

"நான் போட மாட்டேன் சார்."

"மேடம், உங்க நன்மைக்குத்தான்..."

"என் புள்ள நாளைக்குப் பெரியவனாயி, ஏம்மா எனக்குத் தலையில தழும்புன்னு கேப்பான். உங்கம்மா கவனிக்கலடான்னு இந்தத் தாள் சொல்லும். போட மாட்டேன். கண்காணிப்புக்கு வாங்க. டீ போட்டுத் தர்றேன். எங்க தெருவுல நடந்து வாங்க, லாரிக்குப் பக்கத்துல."

வெளியே படி இறங்கும்போது அவள் ஊன்றுகோல் வழுக்கியது. ஜெசிந்தா பிடித்துக்கொண்டாள்.

அன்று மாலை பதினொரு தாய்மாரும் ஜெசிந்தாவின் வீட்டில் கூடினார்கள். பாதிப் பேர் தரையில், மீதிப் பேர் கட்டிலில். குழந்தைகள் ஒன்றன் காலை ஒன்று பிடித்து இழுத்துக்கொண்டிருந்தன. ஜெசிந்தா தன் வண்டியைக் கவிழ்த்துவைத்து அடிப்பெட்டியைக் காட்டினாள்.

"நல்லா கேளுங்க. சிவப்பு போட்டா பூட்டுறது சக்கரத்த மட்டும்தான். கூவியப் பூட்டுறது கெடயாது. பட்ட மாட்டி, இருக்கையில எடையும் சூடும் இருந்தா அது கூவும். வாசல்ல நின்னாலும் கூவும், நடுரோட்டுல நின்னாலும் கூவும்."

"நடுரோட்டுக்கு எப்பிடிப் போவும்? சக்கரம்தான் பூட்டிக்கினு இருக்கே," என்றாள் கடைசி வீட்டு நர்மதா.

"தூக்கினு போவணும். ஆளுக்கு ஒரு பக்கம்."

எல்லோரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். நர்மதாவின் குரல்தான் மேலே வந்தது. "கொழந்தைங்கள வெச்சிக்கினு ஒக்காந்தா டிவிக்காரன் ஓடி வருவான்கா. போலீஸும் கை வெக்க மாட்டான்."

"கொழந்த ஒண்ணுகூட வண்டியில இருக்கக் கூடாது," என்றாள் ஜெசிந்தா.

"கூவி இருக்கறப்ப லாரி நிக்கும்னு நீங்கதான சொன்னீங்க?"

"நிக்கும். நூத்துக்கு நூறு நிக்கும். அப்பவும் வெக்க மாட்டேன். ஒரு பெட்டி பழுதாயிருந்தா? நான் தெனமும் பழுத பாக்கறவ நர்மதா. நம்ம புள்ளைங்கள முன்னால நீட்டிட்டுப் பின்னால நின்னா, அவங்களுக்கும் நமக்கும் என்னா வித்தியாசம்? அரிசிப் பை வைங்க, எட்டுக் கிலோ. வெந்நீர்ப் பை வைங்க. பக்கத்துல நாம ஒக்காருவோம்."

நர்மதா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் மறுநாள் காலை முதல் ஆளாக வந்தவள் அவள்தான், அரிசியை இரண்டு முறை நிறுத்து எடுத்துக்கொண்டு.

விடிந்த உடனே ஆரம்பித்தார்கள். ஜெசிந்தாவின் கணவன் டெல்வின் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவன். அன்று விடுப்பு எடுத்திருந்தான். பதினொரு குழந்தைகளையும் அவன் தலைமையில் நான்கு அப்பாக்கள் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. "லாரி முன்னாடி ஒக்கார்றதே மேல்," என்று பின்னால் அவன் சொல்வான்.

பெண்கள் இருவர் இருவராக வண்டிகளைத் தூக்கிவந்து தெருவின் குறுக்கே வரிசையாக வைத்தார்கள். ஜெசிந்தா ஒவ்வொன்றையும் சரிபார்த்தாள். பட்டைகள் மாட்டியிருந்தன. சக்கரங்கள் பூட்டியிருந்தன. சபுரா கட்டுப்போட்ட காலை நீட்டி ஒரு முக்காலியில் உட்கார்ந்தாள்.

முதல் லாரி பாலத்திலிருந்து இறங்கி வந்தது. கீழே அதிர்வு தெரிந்தது. நர்மதா தன் வண்டியின் பட்டையை இன்னொரு முறை இழுத்துப் பார்த்தாள். நூறு மீட்டர். எண்பது. அறுபதில் அதன் வேகம் தளர்ந்தது. மூச்சை விட்டதுபோல ஒரு சத்தத்தோடு, வண்டிகளுக்கு இருபதடி முன்னால் நின்றது. அதன் பின்னால் இன்னொன்று. அதன் பின்னால் இன்னொன்று. எட்டு மணிக்கு வரிசை பாலத்தைத் தாண்டிப் போயிருந்தது. எந்த லாரியும் ஹாரன் அடிக்கவில்லை. அடிக்க அவற்றில் ஆளில்லை.

போலீஸ் வந்தது. காவலர் ஒருவர் ஒரு வண்டியைத் தள்ளிப் பார்த்தார். "மன்னிக்கவும்," என்றது வண்டி, "இந்தத் தெரு குழந்தையின் பாதுகாப்புக்கு உகந்ததல்ல." தெருவே சிரித்தது. ஆய்வாளர் பட்டறைக்கு ஆள் அனுப்பி தட்சிணாமூர்த்தியை அழைத்துவரச் செய்தார். அவர் வேர்த்து விறுவிறுத்து வந்து, வண்டிகளை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். அரிசிப் பைகளைப் பார்த்தார். ஜெசிந்தாவைப் பார்க்கவில்லை.

"அவிழ்த்து விடுங்க சார்," என்றார் ஆய்வாளர்.

"சிவப்புத் தெருவுல பூட்டை அவிழ்க்கறது சட்டப்படி குற்றம் சார்."

"நான்தான் சொல்றேனே."

"எழுதிக் குடுங்க, அவிழ்க்கறேன்."

ஆய்வாளர் எழுதித் தரவில்லை. தூக்கிப் போகலாம் என்றால், ஒவ்வொரு வண்டியையும் ஒரு பெண் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தாள். மாடிகளிலிருந்தெல்லாம் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் வாரியத்துக்கு போன் செய்தார்.

பதினொரு மணிக்கு நிகிலன் வந்தார். காரைப் பாலத்துக்கு அப்பாலேயே விட்டுவிட்டு, நின்ற லாரிகளுக்கும் சாக்கடைக்கும் நடுவில் நடந்து வந்ததில் அவருடைய கால்சட்டை முழங்கால்வரை சேறு. கையில் ஒரு சிறு கருவி இருந்தது.

"மேடம், கப்பல் ரெண்டு வெளியே நிக்குது. இதை நான் ஒரு நிமிஷத்துல முடிக்கலாம். உங்க பதினொரு கூவியையும் இங்கேருந்தே அணைக்க எனக்கு அதிகாரம் இருக்கு."

பெண்கள் ஜெசிந்தாவைப் பார்த்தார்கள். இது அவளுக்குத் தெரியாது. கூவியை வெளியிலிருந்து அணைக்க முடியும் என்று எந்தக் கையேட்டிலும் இல்லை. பிறகுதான் அவர் என்ன சொல்லிவிட்டார் என்பது அவளுக்கே முழுதாக உறைத்தது.

எழுந்து நின்றாள். "சத்தமா சொல்லுங்க சார்."

"என்ன?"

"இத்தினி பேர் படம் புடிக்கறாங்க. புள்ளைய வண்டியில வெச்சிக்கினு இந்த ஊர் பூரா நடக்கற அம்மாக்காரிங்க அத்தினி பேருக்கும் கேக்கறாமேரி சொல்லுங்க. கூவிய எங்களக் கேக்காம அணைக்க முடியும்னு. ஒரு கம்பெனிக்காரன் அவசரப்பட்டா அணைப்போம்னு. சொல்லிட்டு அணைங்க. நாங்க எந்திரிச்சுப் போறோம். நாளையிலருந்து யார் உங்க வண்டிய நம்புவான்னு பாப்போம்."

நிகிலன் கருவியைப் பார்த்தார். மாடிகளைப் பார்த்தார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. சபுரா முக்காலியில் அசையாமல் இருந்தாள்.

அவர் கருவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, போன் பேச மாவு மில் பக்கமாக ஒதுங்கினார். ஒன்றரை மணி நேரம் பேசினார். திரும்பி வந்தபோது கையில் ஒரு தாள் இருந்தது. சபுராவின் பெயரில் இருந்த கோப்பு மூடப்படும். தோணிக்காரர் தெரு பச்சையாகும். சரக்கு வாகனங்கள் மாற்றுப் பாதையில் போகும். ஜெசிந்தா இரண்டு முறை படித்துவிட்டுத் தெருவின் சார்பில் கையெழுத்துப் போட்டாள்.

பதினொரு வண்டிகளின் சக்கரங்களும் ஒரே நேரத்தில் சொடுக்கி விடுபட்டன. லாரிகள் பின்புறமாகவே நகர்ந்து பாலம் ஏறிப் போயின. நர்மதா ஓடிப்போய்த் தன் பிள்ளையை வாங்கிவந்து, அரிசிப் பையை எடுத்துவிட்டு உட்காரவைத்து, தெருவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் தள்ளிக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் ஜெசிந்தாவுக்கு வேலை நீக்கக் கடிதம் வந்தது. எதிர்பார்த்ததுதான். நான்கு நாட்கள் தெரு அமைதியாக இருந்தது. சபுரா ஊன்றுகோலோடு மாவு மில்வரை போய் வந்தாள், யூசுஃபின் வண்டியை ஜெசிந்தா தள்ள.

ஐந்தாம் நாள் காலை ஒரு பெண் வாசலில் வந்து நின்றாள். இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். துணியால் மார்போடு கட்டிய கைக்குழந்தை. நடந்து வந்த வேகத்தில் மூச்சு வாங்கியது.

"நீதான ஜெசிந்தா?"

"ஆமா. உள்ள வாம்மா."

"வரல. நான் கஸ்தூரி. கால்வாய்க்கு அந்தாண்ட, சங்கிலிக் குப்பம்." அவள் கண்கள் சிவந்திருந்தன. "ஒங்க தெருவ நீ பாத்துக்கின. ஸோக்கா பாத்துக்கின, போன்ல நானுந்தான் கை தட்டினேன். அந்த லாரிங்க எங்க போச்சுன்னு பாத்தியா? அன்னியிலருந்து எங்க வீட்டு முன்னால போவுது. எங்க தெருவு இன்னிக்குக் காலையில சிவப்பு. ஏழு வண்டி நிக்குது."

மாற்றுப் பாதையில் போகும் என்ற வரி ஜெசிந்தாவின் கண்முன்னால் வந்தது. இரண்டு முறை படித்த வரி. எந்தப் பாதை என்று அவள் கேட்கவில்லை. அன்று பதினொரு வண்டிகளுக்கும் பட்டை மாட்டியிருக்கிறதா என்று பார்த்தவள், இதைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டிருந்தாள்.

"நான் கேக்காம வுட்டுட்டேன்," என்றாள். "என் தப்பு."

கஸ்தூரி சண்டைக்குத் தயாராக வந்திருந்தாள். அந்தப் பதிலுக்கு என்ன செய்வதென்று தெரியாமல், குழந்தையை மறு பக்கம் மாற்றிக்கொண்டாள்.

ஜெசிந்தா உள்ளே போய் அடெலினை டெல்வினிடம் கொடுத்தாள். எதிர்வீட்டு வாசலில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த சபுரா, யூசுஃபைத் தன் மாமியாரிடம் கொடுத்துவிட்டு, ஊன்றுகோலால் நர்மதாவின் கதவைத் தட்டப் போய்க்கொண்டிருந்தாள்.

அரை மணி நேரத்தில் பதினொரு வண்டிகள், குழந்தைகளுக்குப் பதில் அரிசிப் பையும் வெந்நீர்ப் பையுமாக, கால்வாய்ப் பாலத்தின் மேல் போயின. பாலத்தின் மறுகோடியில் சிவப்பு தொடங்கியது. முதல் வண்டி நின்று மன்னிப்புக் கேட்டது. நர்மதா ஒரு பக்கம் பிடித்தாள், கஸ்தூரி குழந்தையைக் குப்பத்துப் பெண் ஒருத்தியிடம் கொடுத்துவிட்டு மறுபக்கம் பிடித்தாள். தூக்கி இறக்கினார்கள்.

ஜெசிந்தாவின் போன் அடித்தது. நிகிலன்.

"மேடம், நீங்க பாலத்துல இருக்கறதா சொல்றாங்க. உங்க தெரு பச்சைதானே? கேட்டதெல்லாம் குடுத்தாச்சே. இன்னும் என்ன வேணும் உங்களுக்கு?"

குப்பத்தின் வாசல்களில் பெண்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். தெருமுனையில் லாரியின் மழுங்கிய முகம் தெரிந்தது. ஜெசிந்தா போனைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு, அடுத்த வண்டியின் அடியில் கை கொடுத்தாள்.

"எந்தத் தெருவுக்கு மாத்தப்போறீங்கன்னு அன்னிக்கே கேட்டிருக்கணும் சார். கேக்கல. இன்னிக்குக் கேக்கறதுக்கு வந்திருக்கோம். நீங்க வரைபடத்தையும் எடுத்துக்கினு வாங்க, பதினேழு போட்ட தெரு மொத்தமும் இருக்கணும்."